லேப்டாப்பில் ஓடுது, டிவியில் ஓடலை: கேள்வி பதில்

பாம்பன் பக்கம் டிவி பழுது பார்த்தே காலம் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடும் வீடியோ டிவிக்குப் போனதும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

தங்கச்சிமடம்: அண்ணே, தங்கச்சி கல்யாண வீடியோ 7 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவ் காலியாத்தான் இருக்கு. காப்பி பண்ணினா ஃபைல் பெருசுன்னு சொல்லுது.

பென் டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது, எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் பண்ணுங்கள். டிவி கண்டுகொள்ளவில்லையா, என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறையைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் பழையபடி ஃபேட்32, வீடியோவை வெட்டிவிடலாம்: கோயில் பூசை தனி, விருந்து தனி.

கீழக்கரை: காக்கா, மச்சான் துபாயிலேர்ந்து கொண்டு வந்த படம். எம்கேவி ஃபைல். டிவியில படம் தெரியுது, சத்தம் மட்டும் வரலை.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். எம்கேவி என்பது வெறும் கூடை. உள்ளே இருப்பது சூடை மீனா சீலா மீனா என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் படத்தைத் திறந்து கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். ஒலிக்கு நேரே டிடிஎஸ் (ஒலியைப் பதியும் ஒரு முறை) என்று இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்தே டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. எல்ஜியும் 2020-இல் விட்டது, 2023-இல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. விஎல்சி தன் சொந்தச் சரக்கை வைத்து ஓட்டுவதால் லேப்டாப்பில் சத்தம் வருகிறது.

இதற்காக முழுப் படத்தையும் மாற்றி இரவெல்லாம் லேப்டாப்பைக் காய வைக்காதீர்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லி, ஒலியை மட்டும் டிவிக்குத் தெரிந்த ஏசி3 முறைக்கு மாற்றுங்கள். சில நிமிட வேலை. படத்தின் தரமும் குறையாது.

பாம்பன்: புதுப் பாலம் மேலே தூக்குறதை போன்ல எடுத்தேன் அண்ணே. வீட்டுப் பழைய டிவியில சத்தம் மட்டும் வருது, படம் இல்லை.

கீழக்கரைக்கு நேர் எதிர்க் கதை. உங்கள் போன் ஹெச்265 என்ற, வீடியோவைச் சுருக்கும் முறையில் எடுத்திருக்கிறது. அந்த முறை வந்ததே 2013-இல். அதற்கு முந்தைய டிவிக்கு 2003-இல் வந்த ஹெச்264 வரைதான் படிப்பு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்264 எட்டு பிட், 1080 என்று மாற்றுங்கள். அடுத்த முறை எடுக்கும்முன் கேமரா செட்டிங்கில் ஹெச்265-ஐ அணைத்துவிடுங்கள்.

மண்டபம்: வைஃபை வழியா லேப்டாப்லேர்ந்து 4கே படம் போட்டா நின்னு நின்னு ஓடுது. நெட் ஸ்பீடு கூட்டணுமா?

காசை வீணாக்காதீர்கள். படம் உங்கள் வீட்டு ரவுட்டருக்குள்ளேயேதான் சுற்றுகிறது, வெளி நெட்டுக்கு அதில் வேலையே இல்லை. கணக்குப் போடுங்கள்: 2 மணி நேரப் படம் 40 ஜிபி என்றால், விநாடிக்குச் சராசரியாக 44 மெகாபிட் போக வேண்டும். சண்டைக் காட்சியில் இன்னும் ஏறும். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் நெருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது தாங்காது. லேப்டாப்பையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவே லேன் கேபிள் இழுத்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், பென் டிரைவில் போட்டுச் செருகிவிட்டு நிம்மதியாகப் படம் பார்ப்பேன்.

தேவிபட்டினம்: ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டா படம் டிவியில, சத்தம் லேப்டாப்பில.

லேப்டாப் திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி போகும் இடமாக டிவியைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

தொண்டி: சப்டைட்டில் தமிழ்ல இருக்கு, டிவியில கட்டம் கட்டமாத் தெரியுது.

சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறந்து, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். ஃபைல் பெயர் படத்தின் பெயராகவே இருக்கட்டும். அப்போதும் கட்டம்தான் என்றால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுவதுதான் வழி.

ஏர்வாடி: ஹார்ட் டிஸ்கைச் செருகினா டிக் டிக்னு சத்தம், அப்புறம் காணாமப் போயிடுது. வீடு கடலுக்குப் பக்கத்துல அண்ணே.

முதலில் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் டிக் டிக் என்றால் டிஸ்க்கே போகிறது, முக்கியமானதை உடனே நகலெடுத்துவிடுங்கள். டிவியில் மட்டும்தான் என்றால் மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான், சுழலும் டிஸ்க் கிளம்ப அது பல சமயம் பத்தாது. ஹெச்டிடி என்று எழுதிய துளை இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். போன மாதம் ஒரு டிவியைத் திறந்தேன்: ஓரத் தகடு துருவேறிச் சிவந்திருந்தது, நடுக் கம்பிகளில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று செய்த வேலை. பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். காய்ந்ததும் டிஸ்க் பிடித்துக்கொண்டது. தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்படி எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவர்களும் உண்டு.