வயது தடையா, வறட்டுக் கௌரவம் தடையா?

கேள்வி: எனக்கு 53 வயது. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, 26 ஆண்டுகளில் மேலாளர் வரை உயர்ந்தேன். நிறுவனம் கைமாறியபோது எங்கள் பிரிவையே கலைத்துவிட்டார்கள். ஓராண்டாக விண்ணப்பித்து வருகிறேன். பெரும்பாலும் பதிலே வருவதில்லை. நேர்காணல் வரை போன இடங்களிலும், "உங்கள் அனுபவத்துக்கு இந்த வேலை சிறியது" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்னிடம் வேலை பழகிய ஒருவன் இன்று வேறொரு நிறுவனத்தில் நிதிப் பிரிவுத் தலைவனாக இருக்கிறான். செய்தி அறிந்து இருமுறை அழைத்தான், நான் எடுக்கவில்லை. மகளின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அவள் மேற்படிப்பைத் தள்ளிவைத்திருக்கிறாள். வயதைச் சொல்லி ஒதுக்கும் இந்த அநியாயத்தை எப்படி எதிர்கொள்வது? என் விண்ணப்பத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐம்பதைக் கடந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்கு வராத மாதம் இல்லை, ஆகையால் வயது ஒரு தடையே அல்ல என்று ஆறுதல் சொல்லி இந்தப் பக்கத்தை வீணாக்கப் போவதில்லை. தடைதான். 40 வயதைத் தொட்டவர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1967இலேயே சட்டம் வந்தது. அப்படியிருந்தும், இணையவழியில் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தேடிய ஒரு நிறுவனத்தின் மென்பொருள், 55 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்களையும் 60 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களையும் தானாகவே தள்ளிவிட்டதாக அங்கே வழக்கு வந்தது. நிராகரிக்கப்பட்ட ஒருவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி அதே விண்ணப்பத்தை மறுபடி அனுப்பியபோது நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. 2023இல் 3,65,000 டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதே நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த அடி ஆண்களைவிடப் பெண்கள்மேல்தான், அதிலும் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெண்கள்மேல்தான் பலமாக விழுகிறது என்று தெரிந்தது. உங்கள் வயதில் வேலை தேடும் பெண்கள் எனக்கு எழுதும் கடிதங்களை நீங்கள் படிக்க வேண்டும்.

எனவே அநியாயம் நடக்கிறது என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஓராண்டாக முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பி, ஒருவராவது திரும்பிக் கூப்பிட மாட்டாரா என்று காத்திருக்கும் நீங்கள், உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவர், தாமாகவே, இருமுறை அழைத்தும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? காரணத்தை நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. நேற்றுவரை உங்களிடம் கையெழுத்துக்கு வந்து நின்றவரிடம் இன்று நீங்கள் போய் நிற்பதா என்பதுதானே? உங்கள் வயதைப் பார்த்து உங்களை ஒதுக்குகிறவர்கள் செய்வது அநியாயம் என்றால், அவர் இளையவர் என்பதற்காக அவரை நீங்கள் ஒதுக்கியதற்கு என்ன பெயர்?

நேர்காணலில் அனுபவம் அதிகம் என்று சொல்கிறவர்கள் மனத்தில் பெரும்பாலும் மூன்று சந்தேகங்கள் இருக்கும்: சம்பளம் கூடுதலாகக் கேட்பார், நல்ல இடம் கிடைத்தால் போய்விடுவார், தன்னைவிட இளைய மேலாளர் சொன்னால் கேட்க மாட்டார். முதல் இரண்டையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே, நீங்கள் ஏற்கக்கூடிய சம்பளத்தையும் எத்தனை ஆண்டு இருக்க விரும்புகிறீர்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லித் தீர்த்துவிடலாம். மூன்றாவது சந்தேகம் உங்கள் விஷயத்தில் வீண் சந்தேகம் அன்று. அதை நீங்கள் வாயால் எவ்வளவு மறுத்தாலும், எதிரில் உட்கார்ந்திருக்கும் 35 வயதுக்காரர் உங்கள் முகத்திலிருந்தே படித்துக்கொள்வார்.

குடும்பம் பற்றி எனக்குப் பழைய எண்ணம்தான், அதை மறைக்கவில்லை. பிள்ளைகள் கஷ்டகாலத்தில் பெற்றோரைத் தாங்குவது கடமை, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் தந்தையால் முடிந்ததையெல்லாம் தந்தை செய்து பார்த்த பிறகே அந்தக் கடமை தொடங்குகிறது. உங்கள் மகள் படிப்பைத் தள்ளிவைத்தது உங்களுக்கு வேலை கிடைக்காததால் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பழைய மேலாளர் பதவியின் மரியாதையைக் காப்பாற்ற நீங்கள் செலவழிப்பது அவளுடைய வயதை ஐயா, உங்களுடையதை அல்ல.

இனி உங்கள் விண்ணப்பத்துக்கு வருகிறேன். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பிறந்த தேதியும், பள்ளி முடித்த ஆண்டும், எழுத்தராக நீங்கள் பேரேடு எழுதிய கதையும் இருக்கின்றன. கணக்குகள் முழுவதையும் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பணியை முன்நின்று நடத்திய செய்தி நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் கிடக்கிறது. அந்த வரியை முதல் பக்கத்தின் தலையில் ஏற்றி, எத்தனை பேரை வைத்து, எவ்வளவு காலத்தில், எந்தத் தவறும் வராமல் எப்படி முடித்தீர்கள் என்று விரித்து எழுதுங்கள். கடைசி பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தியதை ஒரே பத்தியில் அடக்குங்கள். கேட்காத இடத்தில் பிறந்த தேதியும் படித்து முடித்த ஆண்டும் வேண்டாம். கேட்ட இடத்தில் பொய் வேண்டாம், சான்றிதழ் சரிபார்க்கும்போது அது வேலையையே தின்றுவிடும். எல்லாம் இரண்டு பக்கத்தில் முடியட்டும்.

அதையும்கூட அந்த அழைப்புக்குப் பிறகு செய்யுங்கள். நீங்கள் விண்ணப்பம் போடும் இணையதளங்களில் உங்களைச் சலித்துத் தள்ளுவது மென்பொருளாக இருக்கலாம். தெரிந்தவர் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் விண்ணப்பத்தை ஒரு மனிதர் கையில் எடுத்துப் படிக்கிறார். இன்று மாலையே அவரைக் கூப்பிடுங்கள். முதலில், அழைப்பை எடுக்காததற்கு வருத்தம் தெரிவியுங்கள், காரணம் கற்பிக்காமல். பிறகு, "உங்கள் பிரிவிலோ உங்களுக்குத் தெரிந்த இடத்திலோ வேலை இருக்கிறதா, உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை" என்று நேராகக் கேளுங்கள். பன்மையில், மரியாதையாக. அவரிடம் இடம் இல்லையென்றால், உங்களைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். அழைப்பு முடிந்ததும் மகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போது என்று கேட்டு வையுங்கள்.