குளித்ததும் சுருள், காய்ந்ததும் பரட்டை: சுருட்டை முடியை விரித்துவிட்டுக் கிளம்புவது எப்படி?

கேள்வி: தோளுக்குச் சற்றுக் கீழ் வரை சுருட்டை முடி எனக்கு. சென்னையில் இருக்கிறேன், போர் தண்ணீர்தான். வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறேன். ஈரமாக இருக்கும்போது சுருள்கள் அழகாக விழுகின்றன, காய்ந்ததும் பரட்டையாகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுபிசுப்பு. ஜெல் போட்டால் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. பின்னாமல், கொண்டை போடாமல், குளித்துவிட்டு அப்படியே ஆபீஸ் போக வழி உண்டா?

பதில்: உண்டு. ஈரத்தில் சுருள் விழுகிறது என்றால் உங்கள் முடியில் குறை எதுவும் இல்லை. காயும் நேரத்தில்தான் அது கெடுகிறது. முடி நனையும்போது அதன் புரதத்துக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். காயும்போது, முடி எந்த வடிவில் கிடக்கிறதோ அதே வடிவில் மறுபடி பிணைந்துகொள்ளும். அந்த நேரத்தில் துண்டால் தேய்த்தாலோ, சீப்பை விட்டாலோ, விரலால் கோதினாலோ, ஒரே சுருளாகச் சேர்ந்திருக்க வேண்டிய முடிகள் தனித்தனியாகப் பிரிந்து அப்படியே காய்ந்துவிடும். அதுதான் நீங்கள் சொல்லும் பரட்டை. ஆகவே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே சுருள்களைச் சேர்த்து, ஜெல்லால் பிடித்து நிறுத்தி, முழுக்கக் காயும் வரை கை வைக்காமல் விட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே ஊடுருவக்கூடியது. குளிக்கும்போது முடி அளவுக்கு மீறித் தண்ணீரை உறிஞ்சி ஊதாமல் காக்கும். அதனால் அதைத் தடவ வேண்டியது குளியலுக்கு முன்னால். ஒரு மணி நேரம் முன்பு 2 தேக்கரண்டி எண்ணெயை முடியின் கீழ்ப்பாதிக்குத் தடவினால் போதும். குளித்த பிறகு தடவினால் மேலே படலமாக நின்று, ஜெல்லைப் பிடிக்க விடாது. பரட்டையை எண்ணெயால் அடக்கப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

போர் தண்ணீரின் கால்சியம், மக்னீசியம் உப்புகள் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும். மாதம் இரண்டு முறை, டெட்ராசோடியம் ஈடிடிஏ (Tetrasodium EDTA) சேர்ந்த, இந்த உப்புப் படிவை நீக்கும் கீலேட்டிங் ஷாம்பு போடுங்கள். மற்ற நாட்களில் மென்மையான ஷாம்பு, ஒன்றரைத் தேக்கரண்டி, தலைத்தோலுக்கு மட்டும். அலசும்போது வழியும் நுரையே முடிக்குப் போதும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டர் கிடைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சீயக்காய் வேண்டுமென்றால் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பொடியாகப் போட்டால் துகள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

கண்டிஷனர் 2 மேசைக்கரண்டி. முடியை நான்காகப் பிரித்துத் தடவி, பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சிக்கெடுப்பது இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான். காய்ந்த சுருட்டை முடியில் சீப்பே படக்கூடாது. பிறகு கொஞ்சம் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நுனியிலிருந்து வேர் நோக்கிக் கசக்கிக் கசக்கி விட்டு, அலசிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. குளியலறையை விட்டு வெளியே வராதீர்கள், முடியைப் பிழியாதீர்கள். குனிந்து நின்று, ஒரு தேக்கரண்டி லீவ்-இன் கண்டிஷனரை (அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் வகை) முழுக்கப் பரப்புங்கள். அடுத்து ஜெல். உங்கள் நீளத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி ஆகும். பட்டாணி அளவெல்லாம் காணாது. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். கைக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது இழுத்துப் பிடித்தால் அங்கே ஜெல் குறைவு என்று நினைப்பீர்கள், உண்மையில் தண்ணீர்தான் குறைவு. கையை நனைத்து மறுபடி வழித்தால் சரியாகிவிடும். கடைசியாக நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேர் நோக்கி அழுத்தி அழுத்தி விடுங்கள். சளப் சளப் என்று சத்தம் கேட்டால் ஈரம் போதுமானது.

ஜெல் உதிர்வதற்கு இரண்டு காரணங்கள். பாதி காய்ந்த முடியில் போடுவது ஒன்று. லீவ்-இன்னும் ஜெல்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது இன்னொன்று. இதை வாங்கிய அன்றே கண்டுபிடிக்கலாம்: இரண்டிலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு விரலால் குழையுங்கள். வழவழப்பாகக் கலந்தால் நல்லது. திரித்திரியாகத் திரிந்தால் தலையிலும் அதேதான் நடக்கும், ஏதாவது ஒன்றை மாற்றுங்கள்.

சென்னைப் புழுக்கத்துக்கு ஜெல் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். முதல் ஐந்து பொருட்களுக்குள் கிளிசரின் இருந்தால் வேண்டாம். காற்றின் ஈரத்தை இழுத்து முடியை ஊதவைக்கும். முடியைப் பிடித்து நிறுத்தும் பொருளாக வெறும் பிவிபி (PVP) மட்டும் சேர்ந்த ஜெல்லும் புழுக்கத்தில் பிசுபிசுக்கும். அதற்குப் பதில் விபி/விஏ கோபாலிமர் (VP/VA Copolymer) உள்ளது மேல். கடையில் விற்கும் கற்றாழை ஜெல்லுக்குப் பிடிமானம் மிகக் குறைவு, அதை நம்பி வெளியே போக முடியாது. வீட்டிலேயே செய்ய ஆளி விதை இருக்கிறது: கால் கப் விதைக்கு 2 கப் தண்ணீர், மிதமான தீ, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம். கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது நிறுத்தி, சூடாகவே வடிகட்டுங்கள். ஆறவிட்டால் இறுகிப்போய் வடிகட்டவே முடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள்.

துவட்ட டர்க்கி டவல் கூடாது. அதன் நூல் வளையங்கள் சுருளைப் பிரித்துவிடும். நம் ஊர் ஈரிழைத் துண்டு அருமையானது. தேய்க்காமல், அள்ளி அழுத்தி ஈரத்தை மட்டும் எடுங்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமில்லை என்றால் ஹேர் டிரையரில் டிஃப்யூசர் (காற்றைப் பரப்பிவிடும் முனை) மாட்டி, மிதமான சூட்டில், குறைந்த வேகத்தில் 20 முதல் 30 நிமிடம். காலையில் அதற்கும் வழியில்லாதவர்கள், தூங்கப்போகும் முன் முழுதாகக் காய்வது போல முந்தைய மாலையே குளித்துவிடுவது நல்லது.

காயக் காய முடி அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். பயந்து உடனே தட்டிவிடாதீர்கள், அந்த விறைப்புதான் சுருளைக் காக்கிறது. பிடரி முடியின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அங்கேயும் காய்ந்த பிறகு, உள்ளங்கையில் இரண்டே சொட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முடியைக் கசக்கி விறைப்பை உடையுங்கள். மெத்தென்ற சுருள்கள் வெளிவரும்.

இரவில் உச்சியில் தளர்வாகக் கொண்டை போட்டு, சாட்டின் உறை போட்ட தலையணையில் படுங்கள். மறுநாள் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. கலைந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து, கடுகளவு ஜெல் வைத்து விரலில் சுற்றிவிட்டால் மூன்று நாள் ஓடும். ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு அடியில் சாட்டின் துணி கட்டிக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகும் நுனிப்பகுதி மட்டும் நீட்டமாகவே தொங்கினால், முன்பு எப்போதாவது ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். அந்தப் பகுதி எந்த ஜெல்லுக்கும் திரும்பாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள்.