கட்டியக்காரனும் சனிக்கிழமை ராத்திரியும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கல்லூரி விடுதியில் இருந்தபோது நாங்கள் நாலைந்து பேர் ராத்திரி ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து அமெரிக்க டிவியின் நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியான ‘சாட்டர்டே நைட் லைவ்’ துண்டுகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த நிகழ்ச்சி 50 வருடத்தைத் தாண்டிவிட்டது. இப்போது பஸ்ஸில் பார்க்கிறேன், ஒன்றுக்கும் சிரிப்பு வருவதில்லை. எதிரே வசனம் எழுதிய அட்டையைப் பிடித்திருக்கிறார்கள், நடிகர்கள் அதைப் பார்த்து வாசிப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. எப்போது பார்த்தாலும் அரசியல். பழைய ஆட்களைப்போல ஒருவரும் இல்லை. நம் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’ போன்றவையும் இப்படித்தான் ஆகிவிட்டன. சிரிப்பு தீர்ந்துபோன பிறகு மரியாதையாக நிறுத்திக்கொள்வதுதானே நல்லது? நீங்கள் கூத்தைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ம.,
ஓசூர்

அன்புள்ள தம்பி,

வரும் கடிதங்களில் பலவற்றுக்குத் தனியாகப் பதில் போட்டுவிடுவேன். உங்களுடையதைப் பொதுவில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், கொஞ்ச நாளாகவே இது என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கத்தில் நடந்த ஒரு கூத்தை யாரோ செல்போனில் எடுத்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வரும் இடங்களை மட்டும் வெட்டி யூடியூபில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வருத்தமாக உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன்.

பழைய ஆட்கள் போல இல்லை என்கிறீர்கள். 1980இல், நிகழ்ச்சியைத் தொடங்கிய லோர்ன் மைக்கேல்ஸும் முதல் குழுவும் வெளியேறியபோதே பார்த்தவர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். அந்த மோசமான வருடத்தில்தான் பின்னால் பெரிய ஹாலிவுட் நடிகரான எடி மர்ஃபி 19 வயதில் உள்ளே வந்தார். மைக்கேல்ஸ் 1985இல் திரும்பி வந்தார். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது அதற்குக் கருமாதி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவரவர் பதினேழு பதினெட்டு வயதில் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அந்தக் குழுதான் அவரவருக்கு உசத்தி. இதில் பேச ஒன்றுமில்லை.

அரசியல் அதிகம் என்பது புகாரே இல்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். டிவி நகைச்சுவைப் போட்டிகளை இதோடு சேர்க்காதீர்கள். அவை எடுத்து, வெட்டி, ஒட்டி வருகிறவை. நடுவர் நாற்காலியிலிருந்து சரிந்து சிரிப்பதைக் காட்டி நம்மையும் சிரிக்கச் சொல்கிறவை. சிவகார்த்திகேயன் போன்ற திறமைசாலிகள் அங்கிருந்து வந்தார்கள், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது வேறு பண்டம்.

அட்டை விஷயம் அப்படியல்ல. அங்கேதான் நீங்கள் எனக்குக் கோபம் வரவைத்தீர்கள்.

அட்டை எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? திங்கட்கிழமை அந்த வார விருந்தினரோடு எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். செவ்வாய் ராத்திரி முழுக்கத் தூங்காமல் எழுதுகிறார்கள். புதன்கிழமை நாற்பதுக்குப் பக்கமான நாடகத் துண்டுகளை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து, பத்துப் பன்னிரண்டைப் பொறுக்குகிறார்கள். அப்புறம்தான் தச்சர்களும் தையல்காரர்களும் வேலையைத் தொடங்குகிறார்கள். சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஒரு கூட்டத்தை உட்காரவைத்து முழு ஒத்திகை. அந்தக் கூட்டம் சிரிக்காததைத் தூக்கி எறிகிறார்கள், வசனத்தை மாற்றுகிறார்கள், வரிசையை மாற்றுகிறார்கள். 11.30க்கு நேரலை. அந்த இடைவெளியில் மாறிய வசனத்தை எந்த மனிதனால் மனப்பாடம் செய்ய முடியும்? அதனால்தான் கையால் எழுதிய அட்டை. தயாராகிவிட்டதால் நிகழ்ச்சி தொடங்குவதில்லை, மணி பதினொன்றரை ஆகிவிட்டதால்தான் தொடங்குகிறது என்று மைக்கேல்ஸ் சொல்வது வழக்கம். 1975 அக்டோபர் 11இலிருந்து, நியூயார்க்கில் 8ஹெச் என்ற அதே ஸ்டுடியோவில், இப்படி வாராவாரம் வெறுங்கையோடு தொடங்கி சனிக்கிழமைக்குள் ஒன்றரை மணி நேரத்தை நிரப்புகிறார்கள். நடிகரின் கண் ஓரமாகப் போவதைப் பார்த்து நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள். எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்தால் இந்த வசனம் இன்னும் சூடு ஆறவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இப்போது கூத்துக்கு வருகிறேன்.

2004 பிப்ரவரி 9ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தைப் பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது. நீங்கள் அப்போது குழந்தையாக இருந்திருப்பீர்கள். அந்தக் கோடையில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் போட்டிருந்தார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. நான் பெண்கள் பக்கம், கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தேன். அன்று கிருஷ்ணன் தூது.

துரியோதனன் சபை வாசலில் கட்டியக்காரன் காவல் நிற்கிறான். கிருஷ்ணன் வருகிறார். யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்று வழக்கமான விசாரணை நடக்கிறது. பஞ்ச பாண்டவருக்குப் பாதி நாடு கேட்டுத் தூது வந்தேன் என்று கிருஷ்ணன் பாட்டாகவே சொல்லி முடித்தார். கட்டியக்காரன் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பாதி நாடா? அதெல்லாம் தை மாசமே பிரிச்சாச்சுங்களே சாமி! கிருஷ்ணகிரி உங்களுக்கு, தருமபுரி தருமருக்கு. கலெக்டர் வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. உங்களுக்கு யாரும் சேதி சொல்லலியா?”

கிருஷ்ணன் வேடக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. கிரீடம் ஆடியது. சமாளித்துக்கொண்டு, “அப்படியானால் துரியோதனனுக்கு?” என்று கேட்டார்.

“அவருக்குப் பட்டா மாறுதல். எந்த ஆபீசுன்னு தேடிக்கிட்டு அலையட்டும்.”

என் எதிரே ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் சிரித்தது அவர்தான். ஒரு மாதிரி இருமலாகத் தொடங்கி, துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் என்ன காகிதத்துக்காக எங்கெல்லாம் அலைந்தார் என்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அது பெண்கள் பக்கம் வந்தது. ஆர்மோனியக்காரர் கட்டையை விட்டுக் கையை எடுத்துவிட்டார். திரையைப் பிடித்திருந்த இரண்டு பையன்களும் சிரித்ததில் திரை சரிந்து, பின்னால் துரியோதனன் பீடி குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்கு இன்னொரு சிரிப்பு.

தம்பி, இதைப் படித்தபோது உங்களுக்கு எவ்வளவு சிரிப்பு வந்தது? ஒரு புன்னகை வந்திருக்கலாம். மாவட்டம் பிரிந்ததை நான் முன்னால் சொல்லி வைத்ததால் அதுவாவது வந்தது. எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் எங்கள் எல்லோர் வாழ்க்கையிலும் அது நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வெற்றிக்குப் பிறகு அவர் சொன்னவற்றில் பல எடுபடவில்லை. மாமியாரை வைத்து ஒன்று, சினிமாப் பாட்டை மாற்றி ஒன்று. கூட்டம் அசையவில்லை. “சரி, இது வேணாமா? அடுத்தது பாக்கலாம்” என்று கோலைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். யாரும் எழுந்து போகவில்லை. அவருக்குச் சிரிப்பு தீர்ந்துவிட்டது, நிறுத்திக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. விடியும்வரை இருக்கப்போகிறோம், அவரும் இருக்கப்போகிறார். அப்படி இருந்தால்தான் அந்த ஒன்று வாய்க்கும்.

மறுவருடம் அதே குழு, பக்கத்து ஊரில், அதே தூது. நான் அந்த வசனத்துக்காகவே போனேன். அது வரவில்லை. மாங்காய் விலை வந்தது. கிருஷ்ணனுக்குக் குடிக்க மாங்காய் ஜூஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். “மாங்கா நம்ம தோட்டத்துது சாமி, பாட்டிலுக்குள்ள போனப்புறம் வெலை கேட்டுத்தான் வாங்கணும்” என்கிறார் கட்டியக்காரன். கூழ் ஆலைக்கு பெங்களூரா மாங்காயை ஏற்றிவிட்டு, வந்த விலையில் வண்டி வாடகைக்கே திண்டாடியவர்கள் கூட்டத்தில் நிறையப் பேர். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது. மாவட்டப் பிரிவினை அதற்குள் பழங்கதையாகிவிட்டது. அவருக்கு அது தெரியும், தயங்காமல் விட்டுவிட்டார். நல்ல கட்டியக்காரனின் அடையாளமே இதுதான் என்று நான் சொல்வேன். போன வருடம் கைதட்டு வாங்கியதைச் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் வருகிறவன்.

நீங்கள் செய்வது என்ன? 50 வருடத்தில் பிழைத்து நின்ற சில துண்டுகளை யார் யாரோ பொறுக்கி உங்களுக்குத் தந்தார்கள். அவற்றை விடுதியில் கூட்டாளிகளோடு சேர்ந்து, ராத்திரி ஒரு மணிக்கு, நாளைக்குப் பரீட்சை என்ற பயத்தோடு பார்த்தீர்கள். இப்போது பஸ்ஸில் நின்றுகொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, தனியாக, போன சனிக்கிழமை வந்ததைப் பார்க்கிறீர்கள். புடைத்து வைத்த கேழ்வரகையும் களத்தில் கொட்டிக்கிடக்கும் கேழ்வரகையும் பக்கத்தில் வைத்து, இந்த வருடம் உமிதான் விளைந்திருக்கிறது என்கிறீர்கள். அந்தந்த வாரத்தில் 1975இலும் உமி இருந்தது தம்பி. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதோடு, அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநில கவர்னர் அந்த வாரம் என்ன உளறினார் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியவேண்டியதும் இல்லை. ஆனால் தெரியாத வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, இவர்களுக்குச் சண்டை போடவே தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்களைக் கூப்பிட்டுச் சொன்ன வசனம் அல்ல அது.

இங்கேதான் எனக்கு உண்மையான பயம். 2005 டிசம்பரில் அந்த நிகழ்ச்சியில் முன்கூட்டியே படம்பிடித்து ஒளிபரப்பிய ஒரு ராப் பாட்டு, அப்போதுதான் பிறந்திருந்த யூடியூபில் காட்டுத்தீயாகப் பரவியது. சனிக்கிழமை ராத்திரி முழித்திருக்காதவர்களும் ஞாயிற்றுக்கிழமை துண்டு துண்டாகப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வலுத்தது. இப்போது அதே பழக்கம் தருமபுரிக்கு வந்திருக்கிறது. நான் சொன்னேனே, பாலக்கோட்டுப் பக்கத்துக் காணொளி, அதில் அந்தக் கட்டியக்காரன் திறமைசாலி. குரலும் உடம்பும் அபாரம். ஆனால் அரைமணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட அந்த ஊர் இல்லை. குடிகாரன், மாமியார், மூத்தாளும் இளையாளும், சினிமாப் பாட்டு. சேலத்தில் பார்ப்பவனுக்கும் சிங்கப்பூரில் பார்ப்பவனுக்கும் புரியவேண்டும் என்று செல்போனைப் பார்த்துப் பேசுகிறார். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனத்தின் ஏரி உடைந்ததா, தண்ணீர்த்தொட்டி கட்டினார்களா, ஊராட்சித் தலைவர் யாரோடு சண்டை, எதுவும் இல்லை. அந்த ஜனமும் கேட்கவில்லை, அவர்களும் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காணொளி ஓடினால்தான் அடுத்த ஊர்க்காரன் பாக்கு வைத்துக் கூத்துக்குக் கூப்பிட வருகிறான். அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்க்கிற நாம்தான் அவரை அங்கே தள்ளினோம். நீங்களும்தான்.

நியூயார்க்கில் இருப்பவர்கள் இன்னும் அந்த வாரத்துக்காக அந்த ஊர் ஜனத்தைப் பார்த்து எழுதுகிறார்கள், 11.30க்கு நடுங்கிக்கொண்டு மேடையேறுகிறார்கள் என்றால், பாதிக்கு மேல் எடுபடாமல் போனாலும் எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான். நிறுத்தச் சொல்ல மாட்டேன். எல்லா வாரத்துக்கும் எல்லா ஊருக்கும் பொருந்துகிற மாதிரி வழவழப்பாக எழுத ஆரம்பித்தால், அன்றைக்கு நிறுத்திக்கொள்ளட்டும்.

உங்கள் கூட்டாளிகள் அந்த நாலைந்து பேரில் யாராவது பெங்களூரில் இருக்கிறார்களா? இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து ஒரு முழு நிகழ்ச்சியை, ஒரு நொடி தள்ளிவிடாமல், எடுபடாததையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். திட்டியே எழுதினாலும் சரி.

பங்குனி, சித்திரையில் பாரதம் போடும் ஊர் தெரிந்ததும் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறேன். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வந்துவிட்டால் அங்கிருந்து டவுன் பஸ் இருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், திரும்பக் காலையில்தான் வண்டி. போர்வை ஒன்று கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா