என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் கோத்தகிரிப் பக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, வாடகைக் கேமராவில், படுக மொழியும் தமிழும் கலந்து ஒன்றரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறோம். நடித்தவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள், யாருக்கும் சம்பளம் இல்லை. துபாயில் இருக்கும் என் மச்சான் 2 லட்சம் ரூபாய் அனுப்பினார். மீதி எங்கள் கைக்காசு. பாட்டுகளை எழுதி இசையமைத்துக் கொடுத்ததும் நண்பர் ஒருவர்தான். டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடுகிறது, வசனத்தோடு ஒரே டிராக்கில் பதிவாகிவிட்டது. அதே காட்சியில் எருமை பால் கறப்பதும் வருகிறது. இப்போது ஒரு நிறுவனம் ஓடிடியில் வெளியிட்டுத் தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. எல்லா உரிமையும் அவர்களுக்கு, முன்பணம் கிடையாது, செலவு போக வருமானத்தில் எங்களுக்கு 70 சதவீதம். தொழில்நுட்பக் கட்டணமாக நாங்கள் 75,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்று போனில் கேட்கிறார்கள். போடலாமா? அதற்கு முன் எங்கள் ஹட்டியின், அதாவது ஊரின், சமுதாயக் கூடத்தில் டிக்கெட் வைத்துத் திரையிடலாமா?

பதில்: இப்போது இருக்கிற வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். உங்களை அதிகம் பாதிக்கப்போவது கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒரு வரி. உரிமை மாற்றம் பற்றிய பத்தியின் கடைசியில், பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று இருக்கிறது. உரிமையை எழுதி வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் தானாகக் காலாவதியாகிவிடும் என்கிறது அந்தப் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பிரிவு பொருந்தாது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடத்தான் இந்த வரி. படத்தை வாங்கி ஹார்ட் டிஸ்கிலேயே கிடப்பில் போட்டாலும் நீங்கள் திருப்பிக் கேட்க முடியாமல் போகும். இந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்ற சொற்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பிரிவு 19 எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் காலியாக விட்ட ஒப்பந்தமே இதைவிட உங்களுக்கு நல்லது! தேயிலைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுகிறவர் பட்டாவை எழுதிக் கொடுப்பதில்லை. அதுபோல, உரிமை மாற்றம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ஓடிடிக்கு மட்டும், 3 ஆண்டுக்கு மட்டும் உரிமம் என்று எழுதச் சொல்லுங்கள். "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களும்" என்பதும் இருக்கக் கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்த நாளில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லாத உரிமை மாற்றம் அதற்குச் செல்லாது. ஆனாலும் அதை நீதிமன்றம் போய் நிரூபிக்கும் நிலைக்கு நீங்கள் வர வேண்டாம்.

70 சதவீதம் என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எந்தச் செலவு, எவ்வளவு வரை என்று ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. விளம்பரம், சப்டைட்டில், அலுவலகச் செலவு என்று கழித்துக்கொண்டே போனால் உங்கள் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது. செலவுக்கு உச்சவரம்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்துப்பூர்வமான கணக்கு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றும் வேண்டும். 75,000 ரூபாயும் என்னை உறுத்துகிறது. பணம் கட்டுபவர் நீங்கள் என்றால், அவர் செய்வது கூலிக்கு ஒரு சேவை. அதற்கு பில் தரட்டும். உரிமையையும் சேர்த்துக் கேட்பதில் நியாயமே இல்லை. தகராறு வந்தால் மும்பையில் மத்தியஸ்தம் என்பதையும் ஊட்டி அல்லது கோவை என்று மாற்றக் கேளுங்கள். போகவரும் செலவுக்குப் பயந்தே பலர் நியாயமான வழக்கைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது, "படம் யாருடையது, பேப்பர் இருக்கிறதா?" என்றுதான். வீடியோவில் எடுத்தாலும் சட்டப்படி அது திரைப்படமே. 60 ஆண்டுப் பாதுகாப்பும் உண்டு. படத்துக்குச் சட்டப்படி உரியவர் தயாரிப்பாளர், அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதை உருவாக்கியவர். நீங்கள் மூவரும் யாருக்கு எவ்வளவு பங்கு, யார் கையெழுத்துப் போடலாம் என்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மச்சானின் 2 லட்சம் கடனா, பங்கா? சொந்தத்துக்குள் இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்கு நாலு காசு வந்த பிறகு கேட்பது அதைவிடச் சங்கடம். இன்றே ஒரு மின்னஞ்சலில் அவர் பதிலை வாங்கிவிடுங்கள்.

நடித்தவர்களிடம் ஆளுக்கு ஒரு பக்கச் சம்மதக் கடிதம், தமிழிலேயே போதும். எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, படத்தைப் பயன்படுத்துவதைப் பின்னால் தடுக்க முடியாது என்கிறது பிரிவு 38ஏ. சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. ஊர்ப் பெரியவர் யாராவது பழைய பாட்டுப் பாடியிருந்தால் அவரிடமும் வாங்குங்கள். பாட்டு ஊருக்குப் பொது, பாடிய குரலுக்கு உரிமை அவருக்கு. எஸ்டேட்டில் எடுத்த காட்சிகளுக்கு நிர்வாகத்தின் கடிதம் வேண்டும், வாய்வார்த்தை போதாது.

இசையமைத்த நண்பர் விஷயத்தில் கவனம் தேவை. எழுத்தில் எதுவும் இல்லாததால் பாட்டு, வரி இரண்டின் உரிமையும் இன்றைக்கு அவரிடம்தான் இருக்கிறது. படத்தில் பயன்படுத்தும் உரிமையை அவரிடம் எழுதி வாங்குங்கள். தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியை அவரே விரும்பினாலும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அதைச் சமமாகப் பகிர வேண்டும் என்பது சட்டம். அதை மதித்தே எழுதுங்கள்.

டீக்கடை ரேடியோப் பாட்டை எடுத்தே ஆக வேண்டும். அரை நிமிடம்தானே, பின்னணியில்தானே என்ற வாதத்தை எந்த ஓடிடியும் ஏற்காது. பாட்டும் வசனமும் ஒரே டிராக்கில் பதிவாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே அந்தக் காட்சி முழுவதையும் திரும்ப டப்பிங் செய்து, பாய்லர் சத்தம், கிளாஸ் சத்தம் எல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சென்சாருக்குப் போகும் முன்பே இதை முடியுங்கள். சான்றிதழ் வாங்கிய பின் படத்தில் எதை மாற்றினாலும் மறுபடியும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அதே காட்சியில் எருமை பால் கறப்பது வருகிறது. நடிப்புக்காக விலங்கைப் பயன்படுத்தினால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்றிதழைத் தணிக்கை வாரியம் கேட்கும். முன் அனுமதி இல்லாமல் எடுத்திருப்பதால் அந்த ஷாட்டை வெட்ட வேண்டி வரலாம்.

ஓடிடிக்கு மட்டும் என்றால் சென்சார் சான்றிதழ் கட்டாயம் இல்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகையைத் தளமே போடும். சமுதாயக் கூடம் அப்படியில்லை. டிக்கெட் வைத்தாலும் இலவசமாகக் காட்டினாலும், ஊரைக் கூப்பிட்டுப் போட்டால் அது பொதுக் காட்சி. சான்றிதழ் இல்லாமல் போட்டால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். கூடத்துக்கு 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனி உரிமமும் வேண்டும். தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் சென்னை மண்டல அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். படுக வசனங்களையும் பாடல்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்துக் கொடுங்கள். திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. வாங்கி வைத்தால் எப்போதும் உதவும்.

உங்கள் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்கப்போகிறவர்கள் முதலில் நீலகிரியிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கும் படுகர் குடும்பங்கள். அவர்களைத் தேடிப் போக அந்த நிறுவனத்துக்கு ஆளும் இல்லை, அக்கறையும் இருக்காது. வினியோகக் கணக்கில் நீலகிரி கோவை ஏரியாவில் வருகிறது. அந்த ஏரியா தியேட்டர் உரிமையையும், ஊர்க்கூடம், சங்கம், கல்லூரித் திரையிடல்களையும் பெயர் சொல்லி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்குப் போனால் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி, தயாரிக்கும் செலவும், டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் நிறுவனத்துக்குக் கட்டும் விபிஎஃப் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அதனால் கமிஷன் அடிப்படையில் இரண்டு மூன்று தியேட்டரோடு தொடங்குங்கள்.

வெள்ளிக்கிழமைக் கெடு ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை, போனில் சொன்னதுதான். மேலே சொன்ன மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். அதுவரை 75,000 ரூபாயையும் கட்டாதீர்கள், மாஸ்டர் ஃபைலையும் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டும் என்றால், படம் நெடுக உங்கள் பெயர் தெரியும்படி வாட்டர்மார்க் போட்ட பிரதியின் லிங்க்கை, பாஸ்வேர்டோடு அனுப்பினால் போதும்.