கடலூர் தேவனாம்பட்டினத்தில் காற்றா, தண்ணீரா?

ஏசி இல்லாத அறை, கம்ப்யூட்டரில் ரைசன் 7 7700 ப்ராசசர், வெயில் நாளில் 90 டிகிரி தொடுகிறது, அதைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே. அது 65 வாட் ப்ராசசர், 95 டிகிரி வரை தாங்கும். தண்ணீர் வைத்தாலும் சூடு ரேடியேட்டர் வழியாக அதே அறைக் காற்றுக்குத்தான் போக வேண்டும். அறை 36 டிகிரி என்றால் இரண்டுமே அதற்குக் கீழே இறக்காது.

ப்ராசசர் மேல் மாட்டும், ஒரே தகட்டு அடுக்கும் 120 மி.மீ. ஃபேனும் உள்ள சிங்கிள் டவர் ஏர் கூலர் தாராளம். ஃபேன் போனால் வேறொன்று மாட்டலாம். வாட்டர் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் மொத்தக் கூலரையும் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கேஸில் கூலரின் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள், இந்த வகை சுமார் 160 மி.மீ. வரை வரும்.

அப்புறம், கடற்காற்றில் உப்பும் தூசியும் தகடுகளில் அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி கூடவே கூடாது.