வாசகர் கேள்வி - பதில்: திருத்தம் கேட்டால் கெடு என்னவாகும்?

கேள்வி: வீட்டிலிருந்தபடி, இணையம் வழியே வேலை எடுத்துச் செய்யும் பைவர் (Fiverr) தளத்தில் லோகோ வரைந்து கொடுக்கிறேன். ரொறன்ரோவில் பேக்கரி நடத்தும் ஒருவருக்கு மூன்று நாளில் தருவதாக ஒப்புக்கொண்டு, இரண்டாம் நாளே கொடுத்தேன். அதன் பிறகு நான்கு தடவை திருத்தம் கேட்டுவிட்டார். முதலில் நிறம், அடுத்து எழுத்துரு, அடுத்து ஒரு கோதுமைக் கதிர். இப்போது கடையின் பெயரையே மாற்றிவிட்டதாக எழுதுகிறார். கெடு கடந்துவிட்டதா, காசு எப்போது வரும் என்று புரியவில்லை. மறுத்தால் எனக்குத் தரும் மதிப்பீட்டு நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவாரோ என்ற பயமும் உண்டு.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: நீங்கள் கெடுவைத் தவறவிடவில்லை. வாடிக்கையாளர் தேவையான விவரங்களைத் தந்தவுடன் ஓடத் தொடங்கும் கடிகாரம், நீங்கள் வேலையை ஒப்படைத்தவுடன் நின்றுவிடும். அதன்பின் அவருக்கு 3 நாட்கள் உண்டு. அதற்குள் ஏற்கலாம், திருத்தம் கேட்கலாம், எதுவும் சொல்லாவிட்டால் ஓர்டர் தானாகவே நிறைவடையும். திருத்தம் கேட்டால் ஓர்டர் மீண்டும் திறக்கிறது. ஆனால் அந்தத் திருத்தத்துக்கு இத்தனை நாள் என்று தளம் தானாகப் புதிய கெடு எதையும் வகுத்துத் தருவதில்லை. ஆகவே அந்த நாளை நீங்களே எழுத்தில் குறிப்பிட வேண்டும். "நிறத்தை மாற்றி வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்புகிறேன்" என்ற ஒரு வரி போதும். அந்த வரி இல்லாதபோதுதான், அவர் இன்றே வரும் என்று காத்திருக்க, நீங்கள் நாளை செய்யலாம் என்று வேறு வேலையில் இருக்க, மனக்கசப்பு தொடங்குகிறது.

உண்மையில் தள்ளிப்போவது காசுதான். 1ஆம் திகதி ஒப்படைத்த வேலையைப் பற்றி அவர் பேசாமலிருந்தால் 4ஆம் திகதி ஓர்டர் நிறைவடையும். அதிலிருந்து, தளம் காசைத் தன்னிடம் வைத்திருக்கும் வழக்கமான 14 நாள் காத்திருப்பைக் கணக்கிட்டால், 18ஆம் திகதி காசு எடுக்கக்கூடியதாகும். அவர் 3ஆம் திகதி திருத்தம் கேட்டு, நீங்கள் 5ஆம் திகதி மறுபடி கொடுத்தால், 3 நாள் புதிதாகத் தொடங்கும். 8ஆம் திகதி நிறைவு, 22ஆம் திகதி காசு. இப்படி நான்கு சுற்றுப் போனால், மாதக் கடைசியில் கட்ட வேண்டிய கடன் தவணைக்கு இந்த வேலையை நம்பியிருக்க முடியாது. 10 டொலர் ஓர்டரில் 20 வீதத்தைத் தளம் எடுத்த பின் கைக்கு வருவது 8 டொலர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி அவர் கேட்டவற்றைப் பிரித்துப் பார்ப்போம். நிறமும் எழுத்துருவும் நியாயமான திருத்தங்கள். கோதுமைக் கதிர் முதலில் தந்த விவரத்தில் இல்லையென்றால் அது சேர்க்கை. அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம், விட்டும் கொடுக்கலாம், நானாக இருந்தால் ஒரு தடவை விட்டுக்கொடுப்பேன். பெயர் மாறியது திருத்தமே அல்ல. எழுத்துகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறுவதால் லோகோவை அடியிலிருந்து வரைய வேண்டும். அது புதிய வேலை, புதிய ஓர்டர், புதிய கெடு. பழைய பெயரில் முடித்த கோப்பை ஒப்படைத்து, புதிய பெயருக்கான விலையையும் நாட்களையும் அதே செய்தியில் பணிவாக எழுதுங்கள். கோபமாக மறுத்தால் நட்சத்திரம் குறையலாம். விலை சொல்லி மறுப்பவரைப் பெரும்பாலானோர் மதிக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் சேவை விவரத்தில் எத்தனை திருத்தம் என்ற எண்ணிக்கையை இடுங்கள். "எண்ணிக்கையற்ற திருத்தம்" என்று விளம்பரம் போட்டு ஆள் சேர்ப்பது புதியவர்களின் பழக்கம். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஐயா, நான் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கெடு நெருங்கும்போது வெறும் கோப்பொன்றை ஒப்படைத்துக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, திருத்தத்தில் உண்மையான வேலையைக் கொடுக்கலாம் என்கிறான் நண்பன். சரியா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: செய்யாதீர்கள். செய்து முடிக்காத வேலையை ஒப்படைப்பது பைவரின் விதிகளுக்கு முரணானது. வாடிக்கையாளர் முறையிட்டால் கணக்கே ஆபத்தில் விழும். கெடு முடியுமுன் நாட்களை நீட்டிக் கேட்கும் வசதி தளத்திலேயே உண்டு, ஆனால் அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். அவர் நியூயோர்க்கில் இருந்தால், உங்களுக்கு இரவு 9.30 ஆகும்போது அவருக்குக் கோடை காலத்தில் நண்பகல் 12, குளிர்காலத்தில் காலை 11. நீங்கள் காலையில் அனுப்பும் கோரிக்கையை அவர் தூங்கி எழுந்துதான் பார்ப்பார் என்பதால், ஒரு நாள் முன்னரே கேளுங்கள். மழை மாதங்களில் சேவையின் ஒப்படைப்பு நாட்களையே கூட்டி வையுங்கள். இரண்டு நாளில் முடியும் வேலைக்கு நான்கு நாள் என்று எழுதி மூன்றாம் நாள் கொடுப்பதில் தவறில்லை. திருத்தத்துக்காக வீடியோ முழுவதையும் மறுபடி ரெண்டர் செய்யும்போதுதான் (இறுதிக் கோப்பாக மாற்றும்போதுதான்) மின்வெட்டு பெருந்தொல்லையாகிறது. அதனால் முதலில் குறைந்த தரத்தில் மாதிரி அனுப்பி, வெட்டுகளும் இசையும் சரியென்று அவர் எழுதிய பின் முழுத்தர ரெண்டரைப் போடுங்கள்.

கேள்வி: வவுனியாவில் உள்ள அண்ணா ஒருவர் பைவர் போன்ற இன்னொரு தளமான அப்வேர்க்கில் (Upwork) வேலை எடுத்து எங்களுக்குப் பிரித்துத் தருகிறார். வாடிக்கையாளரின் திருத்தங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் வாட்ஸ்அப்பில் வருகின்றன. தாமதத்துக்கு அண்ணா எங்களையே குறை சொல்கிறார்.
- வாசகி, மல்லாவி

பதில்: அப்வேர்க்கில், மணிக்கணக்கில் இல்லாமல் மொத்தமாக விலை பேசிய வேலைகளில், ஒப்படைத்த பகுதியைப் பார்க்க வாடிக்கையாளருக்கு 14 நாட்கள் உண்டு, பணம் விடுவிக்கப்பட்ட பின்னும் அதை எடுக்க மேலும் 5 நாள் காப்புக்காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே அண்ணாவுக்கும் காசு உடனே வருவதில்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவருடைய கையில் தங்கிய இரண்டு நாள் உங்கள் தாமதம் அல்ல. திருத்தத்தைத் தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்லாமல், வாடிக்கையாளர் எழுதியதை நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கெடு அந்தச் செய்தி உங்களுக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்கும் என்பதையும், எத்தனை சுற்றுத் திருத்தம் கூலிக்குள் அடங்கும் என்பதையும், அடுத்த வேலையைக் கையில் எடுக்குமுன் அதே வாட்ஸ்அப்பில் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.