கைடு மெயிலைத் திறக்கவே பயம் என்றவருக்கு

பிஎச்டி மூணாம் வருஷம், மூணு வாரமா தூக்கமில்லை, கைடு (ஆய்வு வழிகாட்டி) மெயிலைத் திறக்கவே பயம், "நான் சோம்பேறியா?"ன்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க. சோம்பேறிக்கு வேலையைத் தள்ளிப்போட்டா நல்லா தூக்கம் வரும். உங்களுக்கு அதுதானே வரலை!

2018-ல் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் பதில் சொன்னாங்க. 39 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் தீவிரமானது வரை மனச்சோர்வு. (நொந்தவங்கதான் அதிகம் பதில் போட்டிருப்பாங்கன்னு வச்சுக்கிட்டாலும் சின்ன எண் இல்லை.)

அந்த மெயிலை ஒரு நண்பரை விட்டுப் படிக்கச் சொல்லுங்க. நான் பதினோரு நாள் திறக்காம வச்சிருந்த மெயிலில் இருந்தது, "அடுத்த வாரம் நான் ஊரில் இல்லை" மட்டும்தான்.

ஆனா தூக்கத்துக்கு நண்பர் போதாது. சோர்வும் ஆர்வமின்மையும் ரெண்டு வாரம் தாண்டி நீடிச்சாலே மருத்துவரைப் பார்க்கணும். தைராய்டு குறைஞ்சாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதையும் சோதிக்கச் சொல்லுங்க. கவுன்சலிங்கில் பேசுறது கைடு காதுக்குப் போகுமோன்னு பயமா? ரகசியம் எதுவரைன்னு முதல் சந்திப்பிலேயே கேட்டுடுங்க.

"இருந்து என்ன பயன்"னு கடைசி வரியில் எழுதினீங்களே, சாகணும்ங்கிற எண்ணமா அது? அப்படின்னா நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே யாரையாவது கூட்டிக்கிட்டு மருத்துவமனைக்குப் போங்க. ஆய்வேடு காத்திருக்கும்.